நாவறியாத நீர்க்கேடு

யாழ்ப்பாணத்தார் தண்ணீரைப் பற்றிப் பேசும்போது ஆளுஞ் சொற்களை உற்று நோக்கின், அவை பெரும்பாலும் நாவின் தீர்ப்புக்களாகவே இருத்தல் காணலாம். 'நல்ல தண்ணீர்', 'சவர்த் தண்ணீர்', 'உப்புத் தண்ணீர்' என நீரை வகைப்படுத்தி, இன்ன கிணறு குடிப்பதற்கு, இன்ன கிணறு குளிப்பதற்கு என நம் முன்னோர் வரையறுத்தனர். தம் வளவிற் கிணறிருந்தும் குடிநீருக்காக நாலு வளவு கடந்து குடத்தோடு நடந்த பெண்களை எம் தலைமுறையினர் நன்கறிவர். நாவே அந்நாளில் ஆய்வுகூடம். அவ்வாய்வுகூடம் இன்றும் போதுமா என்பதே யான் ஈண்டு எடுத்துக்கொண்ட வினா.

நமது குடாநாடு சுண்ணாம்புக் கற்பாறையின்மேற் கிடக்கின்றது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கில்லை. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடி வற்றுவது. ஆண்டுக்கு ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழை பெய்யினும், அதிற் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் பொழிந்து தீர்ந்துவிடும். அம்மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டைத் தன்னுட்கொண்டு மெல்லிய அமிலமாகிப் பாறையிடுக்குக்களில் இறங்குகின்றது. இறங்குங்கால் சுண்ணாம்புக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கின்றது. இவ்வாறு கல்சியமும் மகனீசியமும் மிகப்பெற்ற நீரையே பாடநூலார் 'வன்னீர்' என்பர். லீற்றருக்கு 180 மில்லிகிராமின் மேற்பட்ட வன்மையுடையதை மிகு வன்னீர் எனக் கொள்ளுதல் வழக்கு.

வன்னீரின் குணங்களை அறிய நூல் வேண்டுவதில்லை. சவர்க்காரம் நுரை கொள்ளாது. பருப்பு எளிதில் வேகாது. கேத்திலின் அடியில் வெண்ணிறப் படை இறுகும். நீரைக் காய்ச்சினால் வன்மையின் ஒரு பகுதி அப்படையாகப் படிந்து நீங்கும். அது தற்காலிக வன்மை. சல்பேற்று முதலியவற்றால் வந்தது காய்ச்சினும் நீங்காது. அது நிலையான வன்மை.

கேத்திற் படையைக் கண்டு நோய் வருமென்று அஞ்சுவோர் பலர். ஆயின், குடிநீரின் வன்மைக்கென உடனலங் கருதிய எல்லையெதனையும் உலக சுகாதார நிறுவனம் வகுத்திலது. கல்சியமும் மகனீசியமும் உடலுக்கு வேண்டுவனவே. வன்மை சலவைக்கும் சமையலுக்குந் தொல்லை தருவது; அதுகொண்டே நீரை நஞ்செனல் பொருந்தாது.

அஞ்சத் தக்கது பிறிதொன்று. அதன் பெயர் நைத்திரேற்று. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. தேன்போல இனிக்கும் 'நல்ல தண்ணீர்'க் கிணற்றிலும் அது மிக்கிருத்தல் கூடும். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மிளகாய்க்கும் செம்மண் தோட்டங்களில் அள்ளியிடும் உரத்திற் பயிர் உண்டு எஞ்சியது, நீரோடு கரைந்து கீழிறங்குகின்றது. நெருங்கிய குடிமனைகளிலோ மலசலகூடக் குழியிலிருந்து ஊறுவது அயலிலுள்ள கிணற்றை நாடுகின்றது. மணற்றரை ஓரளவேனும் வடிகட்டும். வெடிப்பும் பிளவுமான சுண்ணாம்புப் பாறை அது செய்யமாட்டாது. குடாநாட்டுத் தோட்டப் பகுதிகளிற் பல கிணறுகளில் நைத்திரேற்று எல்லை கடந்திருத்தலை ஆய்வாளர் பல்லாண்டுகளாக எடுத்துக் கூறி வருகின்றனர். லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பதே உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை.

அவ்வெல்லை புட்டிப்பால் உண்ணுங் குழந்தைகளைக் கருதி வகுக்கப்பட்டது. சின்னஞ்சிறு குழந்தையின் உடலில் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறிக் குருதியோடு கலப்பின், குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். மிகின் உயிருக்கே இறுதியாம்.

இதனை யான் ஒருநாள் அயல்வீட்டு இளந்தாய் ஒருத்திக்கு எடுத்துரைத்தேன். அவள் சிரித்து, "நாங்கள் கொதிக்க வைச்ச தண்ணியிலதானே மாஸ்டர் பிள்ளைக்கு மா கரைக்கிறம், பிறகென்ன பயம்?" என்றாள். அவள் வினாவிற் பிழையில்லை. காய்ச்சுதல் கிருமியைக் கொல்லும். வன்மையின் ஒரு பகுதியையும் போக்கும். ஆனால் நைத்திரேற்றைப் போக்காது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய, எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். நம் வீடுகளில் நலமென்று கைக்கொள்ளும் முறையே இவ்வொரு கேட்டின்முன் பயனற்றுப் போகின்றது. இதைச் சொன்னபோது அவள் சிரிப்பு நின்றது.

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது கண்ணும் மூக்கும் சான்று கூறின, ஊர் திரண்டது, வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019 இல் தீர்ப்பும் கிடைத்தது. நைத்திரேற்றுக்கு அத்தகைய சான்றெதுவுமில்லை. ஆதலின் அதற்காக ஊர் திரளுவதுமில்லை.

'இனிக் குழாய்நீர் வந்துவிடும். கிணற்றுக் கவலை எதற்கு?' என்பாருளர். நகரத்து வீடுகள் பலவற்றிற் குழாயில் வருவது, மின்பம்பியால் மேற்றொட்டிக்கு ஏற்றப்பட்ட அவ்வீட்டுக் கிணற்று நீரேயாம். குழாய் புதிது, நீர் பழையதே. தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்கவல்ல நிலையம் 2024 இல் திறக்கப்பட்டமை பெரும் பேறு. சவ்வினூடு செலுத்திப் பெறும் அந்நீரில் வன்மையும் நைத்திரேற்றும் பெரிதுங் குறையும். ஆயினும், குழாய் வந்ததென்று கிணற்றைக் குப்பைக் குழியாக்கினால், அயலான் குடிக்கும் கிணறும் உடன் கெடும். கிணறுகள் வளவுக்கு வளவு வேறாயினும், அவற்றின் அடியிலுள்ள நீர் ஒன்றே. அந்நன்னீரும் கடல்நீரின்மேல் மிதப்பது. கடன்மட்டத்தின்மேல் அது ஓரடி தாழின், கீழிருந்து உப்புநீர் நாற்பதடி வரை எழும் என்பது நிலநீர் நூலார் கணக்கு. எனவே மழைநீரைத் தேக்கி நிலத்துக்கு ஊட்டுங் குளங்களைத் தூர்ப்பதும் கிணற்றைத் தூர்ப்பதனோடு ஒக்கும்.

செய்யத் தக்கன அரியனவல்ல. குழந்தையுள்ள வீட்டார் தம் கிணற்று நீரை ஒருமுறையேனும் ஆய்வுகூடத்திற் சோதித்தறிக. வழி தெரியாதார் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை வினவுக. முதலாறு மாதமும் தாய்ப்பாலே ஊட்டுதல் எல்லாவற்றினுஞ் சிறந்த காப்பு. அது இயலாதவிடத்துச் சோதித்துத் தெளிந்த நீரிலன்றி மாக் கரைத்தல் ஒழிக. புதுமனை கட்டுவோர், தம் கிணற்றிலிருந்து மட்டுமன்றி அயலான் கிணற்றிலிருந்தும் மலக்குழிக்குள்ள தூரத்தை அளந்து பார்க்க. தோட்டஞ் செய்வோர் பயிர் கேட்கும் அளவறிந்து உரமிடுக.

நாவைப் பழிப்பது என் கருத்தன்று. உப்பையுஞ் சவரையும் அது இன்றும் பிழையின்றிக் கூறும். அதன் எல்லைக்கு அப்பாற்பட்டதை அறியவே சோதனைக் குழாய் வேண்டும். குடிக்கும் நீரைச் சுவைத்துத் தேர்ந்த முன்னோரின் மக்களாகிய நாம், அதனைச் சோதித்துத் தேர்தல் மரபை மீறுவதாகாது, மரபைத் தொடர்வதேயாம்.