மைல் எண்டுக்கு வந்த சென்னைப் பாசி

கிழக்கு லண்டனின் செவன் கிங்ஸில் ரயில் ஏறி, ஸ்ட்ராட்ஃபோர்டில் சென்ட்ரல் லைனுக்கு மாறினால் அடுத்த நிறுத்தமே மைல் எண்ட். குயின் மேரி பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. அது ஈஸ்ட் லண்டன் கல்லூரியாக இருந்த காலத்தில், சென்னையைச் சேர்ந்த தாவரவியல் ஆசிரியர் ஒருவர் அங்கே வந்து பாசிகளை ஆராய்ந்து, 1930இல் முனைவர் பட்டம் வாங்கினார். எம்.ஓ.பார்த்தசாரதி ஐயங்கார் (1886–1963). இந்தியப் பாசியியலின் தந்தை என்று தாவரவியலார் கொண்டாடும் மனிதர். இந்த வழியாகத் தினமும் போய்வரும் நம்மில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

அவருக்கு வழிகாட்டியவர் பேராசிரியர் ஃபிரிட்ஷ். இலங்கையின் நன்னீர்ப் பாசிகளைப் பற்றி 1907இலேயே எழுதியவர். 1932இல், ஈர மண்ணில் வளரும் புதிய பாசி ஒன்றுக்கு ஐயங்கார் ‘ஃபிரிட்ஷியெல்லா’ என்று குருவின் பெயரையே வைத்தார்.

எனக்குப் பெரிதாகப் படுவது, மறு ஆண்டு தென்னிந்தியக் குளங்களின் வால்வாக்ஸ் வகைப் பாசிகளைப் பற்றி அவர் வெளியிட்ட ஆய்வுதான். குளத்து நீரைக் கண்ணாடிக் குவளையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், குண்டூசித் தலையளவுப் பச்சை உருண்டைகளாக வால்வாக்ஸ் உருண்டு நகரும். ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான, சிலவற்றில் ஆயிரக்கணக்கான உயிரணுக்கள் சேர்ந்த கூட்டம். ஏறத்தாழ ஒவ்வோர் உயிரணுவுக்கும் நீரை அடித்துத் தள்ள இரண்டு இழைகள். குட்டி உருண்டைகள் தாயின் வயிற்றுக்குள்ளேயே உருவாகின்றன. ஆனால், இழைகள் வளரவேண்டிய பக்கம் உள்நோக்கி இருக்கும். அதனால் ஒவ்வொரு குட்டியும் ஒரு சிறு துளை வழியாகத் தன்னையே உள்வெளியாகப் புரட்டிக்கொள்கிறது. பிறகு தாயைக் கிழித்துக்கொண்டு வெளியேறுகிறது. தாய் அத்தோடு மடிகிறது. குளம் வற்றினால், தடித்த ஓடுடைய வித்துகள் சேற்றுக்குள் அடுத்த மழைவரை காத்துக் கிடக்கும். நம்மூர் ஏரி குளங்களுக்கு ஏற்ற வாழ்க்கை!

கடலிலும் குளத்திலும் மிதக்கும் இத்தகைய நுண்ணுயிர்களை வெறும் அழுக்கென்று ஒதுக்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதி, கடலில் மிதப்பவற்றின் உழைப்பு. மீனுக்கும் இறாலுக்கும் மூல உணவு அவைதான். இல்ஃபோர்டு வேலண்டைன்ஸ் பூங்கா ஏரிக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகிறவர்கள் இதைச் சொல்லிக் காட்டலாம். கோடையில் நீர்மேல் பெயின்ட் கொட்டியதுபோல் ஆடை படர்ந்திருந்தால் மட்டும், குழந்தைகளையும் நாயையும் அருகே விடாதீர்கள். நீலப்பச்சைப் பாசிகளில் சில நஞ்சு உள்ளவை.

அந்த நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி 1959இல் பெருநூல் எழுதியவர் ஐயங்காரின் மாணவர் டி.வி.தேசிகாச்சாரி. வால்வாக்ஸ் வகையைப் பற்றி இருவர் பெயரிலும் வந்த நூல், ஐயங்கார் மறைந்து 18 ஆண்டுகளுக்குப் பின் 1981இல் வெளியானது.