புளியாத ரொட்டி

காஞ்சன்பாக்கில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்குக் காலை அவசரத்தில் கைகொடுப்பது பேக்கரி ரொட்டியே. ஆனால் ‘ஈஸ்ட் ஒவ்வாது, விலக்குக’ என்று மருத்துவர் கூறிவிட்டால் என் செய்வது? எம் மகளுக்கு அந்நிலை நேர்ந்தது.

‘இட்லி இருக்கக் கவலை ஏன்?’ என்றே முதலில் எண்ணினோம். அஃது அவ்வளவு எளிதன்று. இட்லி மாவில் நாம் ஈஸ்ட் இடுவதில்லை. எனினும் இரவெல்லாம் மாவு புளிக்கையில் பெருகும் நுண்ணுயிர்களுள் ஈஸ்ட்டும் உண்டு. ஆதலின் இட்லி, தோசையைப் பற்றியும் மருத்துவரைக் கேட்டறிதல் நன்று. இந்நகரத்துக் கமீரி ரொட்டியும் ஆகாது. ‘கமீர்’ என்றாலே புளித்த மாவுதான்.

வழி காட்டியவர் அண்டை வீட்டுத் தெலுங்கு அம்மையார். அவர் தட்டும் ‘ஜொன்ன ரொட்டெ’ நம் சோள ரொட்டியே அன்றோ! சோள மாவில் கோதுமையின் பசைத்தன்மை இல்லை. தண்ணீரில் பிசைந்தால் விரிந்துபோகும். கொதிநீர் விட்டுப் பிசைந்தால் மாச்சத்து இளகிப் பிடிப்புக் கொடுக்கும். சூடு ஆறுமுன் கையால் தட்டிக் கல்லில் இட்டு, மேற்புறம் ஈரத்துணியால் நீர் தடவி, இருபுறமும் சுடவேண்டும். கோதுமை புல்காவும், புளிக்கவிடாத கேழ்வரகு அடையும் இவ்வகையினவே.

2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. இந்நகரை அடுத்த பட்டஞ்செருவில் 1972-இல் நிறுவப்பட்ட இக்ரிசாட் நிலையம் சோளத்தையும் கம்பையும் ஆராய்ந்து வருகிறது. நம் பாட்டியர் அன்றாடம் உண்ட தானியம் அது.

இன்று எம் மகள் பள்ளிக்குச் சோள ரொட்டியும் பருப்புக் கடைசலும் கொண்டு செல்கிறாள். நேயர்களும் செய்து பார்ப்பார்களாக!