முகவரி தவறினால்...

நம் உடலின் பெரும்பாலான உயிரணுக்களில் மைட்டோகாண்டிரியா என்னும் ஆற்றல் நிலையங்கள் இருக்கின்றன. இவை இயங்க ஆயிரத்திற்கும் மேற்பட்ட புரதங்கள் தேவை. ஆனால் மனித உடலில் மைட்டோகாண்டிரியா தானே உருவாக்கிக்கொள்பவை 13 மட்டுமே. மற்றவை வெளியே சைட்டோபிளாசத்தில் தயாராகி உள்ளே வர வேண்டும். இத்தனை புரதங்களுக்கு நடுவே தனக்குரியதை அது எவ்வாறு அடையாளம் காண்கிறது?

பல புரதங்களின் தொடக்கத்திலேயே அவற்றின் முகவரி எழுதப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் 15 முதல் 50 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு துண்டு அது. சுருளாகும்போது அதன் ஒரு பக்கம் நேர்மின்னேற்றம் பெற்றிருக்கும். மறுபக்கம் நீரை விலக்கும். வெளிச்சவ்வில் உள்ள 'டாம்' என்னும் புரதக் கூட்டம் இதை அறிந்து வழிவிடுகிறது. உட்சவ்வில் 'டிம்' என்னும் கூட்டம் ஏற்றுக்கொள்கிறது. வாயில் குறுகியது, எனவே புரதம் மடிப்பு அவிழ்ந்து நூல்போல நுழைகிறது. உள்ளே முகவரித் துண்டு வெட்டப்பட்டு, துணைப் புரதங்களின் உதவியோடு உரிய வடிவம் பெறுகிறது. புரதங்கள் தம்முள்ளேயே முகவரியைச் சுமக்கின்றன என்று காட்டிய குந்தர் புளோபெல் 1999-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்.

முகவரி மாறினால் என்ன ஆகும்? கல்லீரலில் 'ஏஜிடி' என்ற நொதி உண்டு. அது பெராக்சிசோம் என்னும் நுண்ணறையில் வேலை செய்ய வேண்டியது. சிலருக்கு மரபணுவில் இரு சிறு மாற்றங்கள் சேர்வதால், அந்நொதியின் பெரும்பகுதி மைட்டோகாண்டிரியாவுக்குள் போய்விடுகிறது. 1989-இல் கிறிஸ்டோபர் டான்பியூர் குழுவினர் இதைக் கண்டறிந்தனர். நொதிக்கு வேலை செய்யும் திறன் இருக்கிறது. இருக்கும் இடம்தான் தவறு. இதனால் ஆக்சலேட் பெருகி, சிறுநீரகக் கற்கள் உண்டாகி, நாளடைவில் சிறுநீரகமே செயலிழக்கலாம்.

இந்த மாற்றம் உடைய பலருக்கு வைட்டமின் பி6 சிகிச்சை நல்ல பலன் தருகிறது. ஆகவே சிறு பிள்ளைக்குச் சிறுநீரகக் கல் வந்தால், உடற்சூடு என்று நாமே முடிவு செய்துவிடாமல், மருத்துவரிடம் காரணத்தைக் கேட்டறிவோம். காலத்தோடு அறிந்தால் ஒரு குழந்தையின் சிறுநீரகத்தைக் காக்கலாம்.

திறமை இருந்தும் உரிய இடத்தில் இல்லாவிட்டால் பயனில்லை என்பதை, கண்ணுக்குத் தெரியாத ஒரு புரதம் நமக்குச் சொல்கிறது. சிந்திப்போம்.