உங்களுக்குத் தெரியுமா?

இலங்கையின் ஓப்பநாயக்கவில் காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க வேட்டைத் துப்பாக்கி வைத்திருக்க விரும்பும் விவசாயிக்கு, 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் வழங்கும் அதிகாரம், பொலிஸ் நிலையத்திடம் இல்லாமல், அரசாங்க அதிபர் எனப்படும் இரத்தினபுரி மாவட்டச் செயலாளரிடமே உள்ளது.

• துப்பாக்கி வைத்திருப்பதை இலங்கை அரசியலமைப்பு உரிமையாக ஏற்கவில்லை. டிசம்பர் 31உடன் காலாவதியாகும் அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பித்தாக வேண்டும்.

• அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தம், இரத்தினபுரி அடங்கும் சபரகமுவ உள்ளிட்ட மாகாணங்களுக்கு எழுத்தில் வழங்கிய பொலிஸ் அதிகாரம், நடைமுறையில் மத்திய அரசிடமிருந்து இன்னும் கைமாறவில்லை.

• அமெரிக்காவிலோ, பெரும்பாலும் மக்கள் வாக்கால் தெரிவாகும் உள்ளூர்க் காவல் தலைவர்களான ஷெரிப்புகளுள் பலர், வாஷிங்டன் மாநிலத்தின் புதிய துப்பாக்கிச் சட்டத்தைத் தாம் நடைமுறைப்படுத்தப்போவதில்லை என்று 2019இல் வெளிப்படையாகவே அறிவித்தனர்.