ஓட்டுநரின் கண்ணுக்கு நீங்கள் தெரிகிறீர்களா? மிதிவண்டியில் செல்வோருக்கான ஒளிரும் உடை

திருவண்ணாமலை நகரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் இன்றும் பலர் மிதிவண்டியையே நம்பியுள்ளனர். விடியலுக்கு முன் பால் கொண்டு செல்வோர், பூக்கூடையுடன் சந்தைக்கு வருவோர், செய்தித்தாள் போடும் இளைஞர்கள், கட்டடப் பணியாளர்கள், தனி வகுப்பு முடிந்து வீடு திரும்பும் மாணவர்கள் ஆகியோர் இவர்களுள் அடங்குவர். மருத்துவமனையில் உள்ள நோயாளிக்கு இரவு உணவு கொடுத்துவிட்டு ஊர் திரும்பும் உறவினர்களும் உண்டு. இவர்களில் பெரும்பாலோர் சாலையில் இருப்பது, வெளிச்சம் மிகக் குறைந்த வேளைகளில்தான்.

அவசர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி பார்க்கும் மருத்துவர்கள், காயமுற்றவரை அழைத்து வரும் வாகன ஓட்டுநரிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சொல் ஒன்று உண்டு: "தெரியவேயில்லை, டாக்டர்." காயமுற்றவர் சொல்வதோ வேறு: "வண்டி வருவதைத் தூரத்திலேயே பார்த்தேன், அவரும் என்னைப் பார்த்திருப்பார் என்று நினைத்தேன்." பல நேரங்களில் இருவர் சொல்வதும் உண்மையே. இந்த இடைவெளியைக் குறைப்பது எப்படி என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

நீங்கள் பார்ப்பதும், நீங்கள் பார்க்கப்படுவதும்

எதிரே வரும் பேருந்தின் முகப்பு விளக்கு உங்களுக்கு வெகு தொலைவிலிருந்தே தெரியும். அதனால் ஓட்டுநருக்கும் நீங்கள் தெரிவதாக மனம் எண்ணிக்கொள்கிறது. ஆனால் அவர் காண்பது, தம் விளக்கின் ஒளி உங்கள்மீது பட்டுத் திரும்புவதை மட்டுமே. கருப்பு, கருநீலம், பழுப்பு போன்ற நிறங்கள் அவ்வொளியை ஏறக்குறைய முழுவதும் விழுங்கிவிடுகின்றன. 'டிம்' செய்யப்பட்ட முகப்பு விளக்கில், அடர்நிற உடை அணிந்தவர் சில பத்து மீட்டர் தொலைவுக்குள் வந்த பின்னரே புலப்படுவார்.

இதை வேகத்தோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் உங்களைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி ஆகும் என்று கொண்டாலும், அதற்குள் 25 மீட்டர் கடந்துவிடும். அதன் பின் வாகனம் நிற்க, உலர்ந்த சாலையிலேயே மேலும் 20 மீட்டர் தேவை. மழை ஈரத்தில் இது இன்னும் கூடும். ஆக, 30 மீட்டரில் உங்களைக் காணும் ஓட்டுநர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் வாகனத்தை நிறுத்த இயலாது.

ஏன் நம் ஊரில் கூடுதல் கவனம் தேவை?

கார்த்திகை மாதத்தில் இங்கு மாலை 5.45 மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் பெய்கிறது. தீபத் திருவிழாவின்போதும் பௌர்ணமி நாள்களிலும் நகருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்கள் அமைக்கப்படுகின்றன. இவ்வூர்ச் சாலைகளுக்குப் பழக்கமில்லாத ஓட்டுநர்கள் பலர் செங்கம், போளூர், வேட்டவலம் சாலைகளில் இரவு முழுவதும் வாகனம் ஓட்டுகின்றனர். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நல்ல வெளிச்சம் இருக்கலாம். ஆனால் அதிலிருந்து கிளைச்சாலைக்குத் திரும்பியவுடன் இருட்டு சூழ்ந்துகொள்கிறது. வெளிச்சத்துக்குப் பழகிய ஓட்டுநரின் கண், இருட்டுக்குப் பழகச் சற்று நேரம் எடுத்துக்கொள்ளும்.

ஐயப்பனுக்கு மாலையிட்டோர் கருப்பு உடையிலும், மேல்மருவத்தூர் செல்வோர் சிவப்பு உடையிலும் வலம் வரும் காலமும் இதுவே. மங்கிய ஒளியில் சிவப்பும் கண்ணுக்குக் கருமையாகவே தோன்றும். விரத உடையை மாற்ற வேண்டியதில்லை; அதன்மேல் ஓர் ஒளிரும் மேலங்கி அணிந்தால் போதும். பழனி பாதயாத்திரை செல்வோருக்குக் காவல்துறையினர் ஒளிரும் பட்டைகள் வழங்குவதும் இக்காரணம் பற்றியே.

ஒளிரும் உடை எவ்வாறு செயல்படுகிறது?

தூய்மைப் பணியாளர்களும் சாலைப் பணியாளர்களும் அணியும் மேலங்கியைக் கவனித்திருப்பீர்கள். அதில் இரண்டு தனித்தனிப் பொருள்கள் உள்ளன.

1. பளிச்சிடும் வண்ணத் துணி: எலுமிச்சை மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். சூரிய ஒளியில் உள்ள, கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிர்களை ஏற்று, அவற்றைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக இது வெளியிடுகிறது. ஆகவே பகலிலும், விடியல் மற்றும் அந்தி வேளையிலும், மேகமூட்டத்திலும் பயன் தரும். முழு இருட்டில் இதன் சிறப்புப் பயன் மறைந்துவிடும்.

2. சாம்பல் அல்லது வெள்ளி நிறப் பட்டை: இதில் நுண்ணிய கண்ணாடி மணிகளோ பட்டகங்களோ பதிக்கப்பட்டுள்ளன. எத்திசையிலிருந்து ஒளி வருகிறதோ அத்திசைக்கே அதனைத் திருப்பி அனுப்புவது இதன் இயல்பு. முகப்பு விளக்கின் ஒளி ஓட்டுநரின் கண்ணை நோக்கியே திரும்புவதால், நூறு மீட்டருக்கு அப்பாலும் பட்டை பளிச்சென்று தெரியும். கடைகளில் 'ரேடியம் ஸ்டிக்கர்' என்று விற்கப்படுவதும் இவ்வகையே. அதில் ரேடியம் என்னும் கதிரியக்கப் பொருள் எதுவும் இல்லை, அச்சம் வேண்டாம்.

பகலுக்கு வண்ணத் துணி, இரவுக்குப் பட்டை என்று நினைவிற்கொள்க. இரண்டும் உள்ள மேலங்கியே சிறந்தது.

ஆய்வுகள் கூறுவது என்ன?

டென்மார்க்கில் 2012 நவம்பர் முதல் ஓராண்டுக் காலம் ஏறத்தாழ 6,800 மிதிவண்டி ஓட்டுநர்களிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. அவர்களில் ஒரு பாதியினருக்கு ஒளிரும் மஞ்சள் மேலங்கி வழங்கப்பட்டது. பிற வாகனங்கள் அல்லது பாதசாரிகளுடன் மோதிக் காயமுற்ற நிகழ்வுகள் அவர்களிடையே 47 விழுக்காடு குறைவாகப் பதிவாயின. பங்கேற்றோர் தாமே அளித்த தகவல் என்பதால் அதில் உள்ள சார்பைக் கழித்துப் பார்த்தபோது, இக்குறைவு 38 விழுக்காடு என ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர்.

ஆஸ்திரேலியாவில் இரவு நேரத்தில் நடந்த மற்றோர் ஆய்வு நமக்கு இன்னும் பயனுள்ளது. கருப்பு உடை அணிந்த மிதிவண்டி ஓட்டுநரை வாகன ஓட்டுநர்கள் 2 விழுக்காடு வேளைகளில் மட்டுமே கண்டுகொண்டனர். ஒளிபிரதிபலிக்கும் மேலங்கி அணிந்தபோது அது 50 விழுக்காடாக உயர்ந்தது. மேலங்கியோடு முழங்காலிலும் கணுக்காலிலும் பட்டை கட்டியபோது 90 விழுக்காடானது. காரணம் எளியது. மிதிக்கும்போது கால்கள் மேலும் கீழும் அசைகின்றன. அந்த அசைவைக் கண்டதும், அது கம்பமோ குப்பைத்தொட்டியோ அன்று, மனிதர் என்பதை மூளை உடனே உணர்ந்துகொள்கிறது.

இதன் வரம்பையும் அறிந்திருத்தல் வேண்டும். ஒளிரும் உடை அணிந்தவரைக் கடக்கும் வாகனங்கள் கூடுதல் இடைவெளி விடுவதில்லை என்று பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. மது அருந்தி ஓட்டுபவரையும், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே ஓட்டுபவரையும் எந்த உடையும் தடுக்காது. உடை அணியாததால் காயமுற்றவர் குற்றவாளியும் ஆகிவிடமாட்டார். கவனத்துடன் ஓட்டும் கடமை வாகன ஓட்டுநருக்கே முதலில் உரியது. இவ்வுடை செய்வது ஒன்றே: கவனமாக வரும் ஓட்டுநருக்கு, பிரேக் பிடிக்க வேண்டிய நேரத்தை அளிக்கிறது.

எவ்வாறு அணிவது?

- மேலங்கியை எல்லா உடைக்கும் வெளியே அணியுங்கள். மழைக்கோட்டின் அடியில் அணிந்தால் பயனில்லை.
- முதுகில் பை இருந்தால் மேலங்கி மறைந்துவிடும். பள்ளிப் பையின் பின்புறத்தில் பட்டை ஒட்டுங்கள் அல்லது தைத்துவிடுங்கள்.
- இரு கணுக்கால்களிலும் பட்டை கட்டுங்கள். கால்சட்டை சங்கிலியில் சிக்காமலும் இது காக்கும். ஒன்றே வாங்க இயலுமெனில், இரவில் செல்வோர் இதனையே முதலில் வாங்கலாம்.
- வேட்டி, சேலை அணிவோர் ஆடையின் ஓரம் சக்கரத்தில் சிக்காதவாறு மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள். துப்பட்டாவை மேலங்கிக்குள் செருகிவிடுங்கள்.
- நெல், நிலக்கடலை வயல்களுக்கு இடையே பகலில் செல்வோருக்குப் பச்சை கலந்த மஞ்சளைவிட ஆரஞ்சு நிறம் தனித்துத் தெரியும்.
- தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் பட்டையின் திறனைக் குறைக்கும். மென்மையாகக் கையால் துவைத்து, நிழலில் உலர்த்துங்கள். பட்டை வெடித்து உதிர்ந்தாலோ, துணி வெளுத்துப்போனாலோ புதியது வாங்குங்கள்.

மேலங்கி பழுதற்றதா என அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. இருட்டில் பத்து அடி தொலைவில் அதனைத் தொங்கவிட்டு, கைவிளக்கைக் கண்ணருகே பிடித்து அடித்துப் பாருங்கள். பட்டை வெண்மையாகப் பளிச்சிட வேண்டும்.

மிதிவண்டியையும் கவனியுங்கள்

உடை மட்டும் போதாது. ஒளிபிரதிபலிக்கும் பட்டை, விளக்கின் ஒளி தன்மீது பட்டால்தான் மின்னும். குறுக்குச் சாலையிலிருந்து திரும்பும் வாகனத்தின் விளக்கு உங்கள்மீது படுவதற்குள் அது அருகே வந்துவிடலாம். ஆகவே முன்பக்கம் வெள்ளை விளக்கும், பின்பக்கம் சிவப்பு விளக்கும் அவசியம். பின் மட்கார்டில் சிவப்பு, மிதிகட்டையில் மஞ்சள், சக்கரக் கம்பிகளிடையே பக்கவாட்டு ஒளிபிரதிபலிப்பான்கள் உள்ளனவா எனப் பாருங்கள். மிதிவண்டிகளில் பொருத்தும் இக்கருவிகளின் தரம் குறித்து மத்திய அரசு 2020-இல் ஆணை பிறப்பித்துள்ளது. கழன்று விழுந்தவற்றை உடனே மாற்றுங்கள். 11-ஆம் வகுப்பில் அரசின் விலையில்லா மிதிவண்டி பெறும் மாணவர்களின் பெற்றோர், அதனை முதல் நாளே சரிபார்த்து, மேலங்கி ஒன்றையும் வாங்கிக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். தலைக்கவசமும் அணிவித்துப் பழக்குங்கள். அதன் பின்புறத்திலும் பட்டை ஒட்டலாம்.

நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

- கண்புரை, கண் நீர் அழுத்த நோய், நீரிழிவு விழித்திரை பாதிப்பு, மாலைக்கண் உள்ளோர், பிறருக்குத் தெரிந்தாலும் பள்ளத்தையும் எதிர்வரும் வாகனத்தையும் தாம் காண்பது கடினம். பொழுது சாய்ந்தபின் மிதிவண்டி ஓட்டுவதைத் தவிர்க்கவும்.
- கண் பரிசோதனைக்காகக் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து இடப்பட்ட நாளில், பார்வை தெளியும்வரை ஓட்ட வேண்டாம். துணைக்கு ஒருவரை அழைத்து வாருங்கள்.
- சளி, ஒவ்வாமை, வலிப்பு, மனநலம் ஆகியவற்றுக்கான சில மருந்துகள் தூக்கத்தை உண்டாக்கும். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஓட்டலாமா என மருத்துவரிடம் கேளுங்கள். வலிப்பு நோயுள்ளோர் மருத்துவரின் அனுமதியின்றி ஓட்டலாகாது.
- இன்சுலின் போடுவோர் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் கையில் வைத்திருங்கள். நடுக்கம், வியர்வை, தலைசுற்றல் தோன்றினால் இறங்கிவிடுங்கள்.
- இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உட்கொள்வோர், கீழே விழுந்து தலையில் சிறிதளவு அடிபட்டாலும் உடனே மருத்துவமனைக்கு வரவேண்டும். வெளிக்காயம் இல்லாவிடினும் உள்ளே கசிவு ஏற்படலாம்.

இரவில் மருத்துவமனையிலிருந்து ஊர் திரும்பும் பராமரிப்பாளர்களே, நாள் முழுதும் நோயாளியின் அருகில் இருந்த களைப்பு உங்கள் கவனத்தைக் குறைக்கும். இயன்றால் விடிந்தபின் செல்லுங்கள். சென்றே ஆகவேண்டுமெனில் மேலங்கியை அணிந்து, விளக்கை ஏற்றிச் செல்லுங்கள். உங்களை நம்பி ஒருவர் படுக்கையில் காத்திருக்கிறார்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளைச் சட்டையும் வேட்டியும் போதாதா?
அடர்நிறத்தைவிட வெள்ளை நல்லது. ஆயினும் வெள்ளைத் துணி ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கிறது. பட்டையோ ஓட்டுநரை நோக்கித் திருப்பி அனுப்புகிறது. இரவில் பட்டையே மேலானது.

செலவு அதிகமாகுமா?
ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் சாதாரண மேலங்கியே போதும். விலை உயர்ந்தது தேவையில்லை. பழைய சட்டையின் முதுகிலும் கைகளிலும் பட்டை தைத்துக்கொள்வதும் பயன் தரும்.

கிரிவலம் நடந்து செல்வோருக்கும் இது பொருந்துமா?
பொருந்தும். குறிப்பாக, பௌர்ணமி அல்லாத நாள்களில் விடியலுக்கு முன் தனியே நடப்போர் கட்டாயம் அணியலாம்.

விபத்து நேர்ந்தால்

108-ஐ அழையுங்கள். காயமுற்றவரின் கழுத்தை வளைக்காதீர்கள். குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள். இரத்தக் கசிவைத் தூய துணியால் அழுத்திப் பிடியுங்கள். வீடு திரும்பிய பின்னரும் இரண்டு நாள்கள் கவனியுங்கள். மீண்டும் மீண்டும் வாந்தி, கூடிவரும் தலைவலி, குழப்பம், எழுப்ப இயலாத தூக்கம், வலிப்பு, காது அல்லது மூக்கிலிருந்து நீரோ இரத்தமோ வடிதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ், சாலை விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்தில் இணைந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் வரையறுக்கப்பட்ட உச்சவரம்புக்குள் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. காப்பீட்டு அட்டை இல்லாதவர்களுக்கும், வெளி மாநிலத்தவருக்கும் இது பொருந்தும். நல்லெண்ணத்துடன் உதவுவோருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது. ஆகவே உதவத் தயங்காதீர்கள்.

இன்று மாலை மிதிவண்டியை எடுக்கும் முன், உங்களைப் பின்னாலிருந்து பார்க்குமாறு வீட்டில் ஒருவரிடம் கூறுங்கள். தெருமுனை இருட்டில் நீங்கள் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை எனில், பேருந்து ஓட்டுநரின் கண்ணுக்கும் தெரியமாட்டீர்கள்.

குறிப்பு: இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான தகவல்களே. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற ஆலோசனைக்கு அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும் அல்லது 104 என்னும் எண்ணை அழைக்கவும்.