உங்கள் மாத்திரை வழி தவறாமல் வருகிறதா?

எருமப்பட்டிப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களுக்கு ஒரு கணக்கு அத்துப்படி. நேற்று எடுத்த முட்டை அட்டை முதலில் லாரி ஏற வேண்டும், இன்றைக்கு எடுத்தது அதற்கப்புறம்தான். வரிசை மாறினால் கெட்டுப்போவது முட்டை. மருந்துக்கும் இதே கணக்குதான். ஆனால் அங்கே வரிசை மாறினால் கெடுவது உங்கள் உடம்பு!

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நீங்கள் வாங்கும் பி.பி. மாத்திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனியிலிருந்து மாவட்டக் கிடங்கு, அங்கிருந்து சுகாதார நிலையம், பிறகு மருந்து கொடுக்கும் ஜன்னல், கடைசியில் உங்கள் கை. ஒவ்வொரு இடத்திலும் யாரோ ஒருவர் எண்ணி, எழுதி, கை மாற்றுகிறார். 3-ஐ 8 என்று எழுதினால் போதும்... ஓர் ஊரில் மருந்து தீர்ந்துபோகும், இன்னோர் ஊரில் அலமாரியிலேயே காலாவதியாகும்.

இதை ஒழுங்குபடுத்தத்தான் 1994-ல் தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் தொடங்கப்பட்டது. அப்போது எருமப்பட்டி சேலம் மாவட்டத்தில் இருந்தது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997-ல். அரசு ஆஸ்பத்திரிகளுக்கான மருந்துகளை மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, கம்ப்யூட்டர் கணக்கில் அனுப்பும் ஏற்பாடு இது. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் வங்கியில் கொடுப்பது போல ஒரு பாஸ்புக் உண்டு. இத்தனை ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று அதில் வரம்பு இருக்கும், எடுக்க எடுக்கக் கழியும். பின்னாளில் கேரளா, ராஜஸ்தான் மாநிலங்களும் இதே வழிக்கு வந்தன.

இதில் கம்ப்யூட்டர் செய்யும் பெரிய உதவி என்ன தெரியுமா? 'கூடாது' என்று சொல்வதுதான்! கிடங்குக்கு வந்த மருந்தின் ஒவ்வொரு பேட்சிலிருந்தும் மாதிரி எடுத்து, கம்பெனி பெயரை மறைத்து, பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். முடிவு வரும்வரை அந்தப் பெட்டிகள் தனியே ஒதுங்கி நிற்கும். முதலில் காலாவதி ஆகப்போவதுதான் முதலில் வெளியே போகும். அதே முட்டைக் கணக்கு! ஒரு பேட்ச் சரியில்லை என்று பின்னால் தெரிந்தால், அது எந்தெந்த ஊருக்குப் போயிருக்கிறது என்று உடனே தேடிப் பிடிக்கலாம். பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தால் அதற்குள் பாதி மாத்திரை வயிற்றுக்குள் போயிருக்கும்.

தடுப்பூசி விஷயம் இன்னும் நுணுக்கமானது. சுகாதார நிலையத்தில் அவை 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூட்டில் கெட்டதா என்று குப்பியின் மேலுள்ள வட்டமே காட்டிக்கொடுக்கும்: உள்ளே இருக்கும் சதுரம், சுற்றியுள்ள வட்டத்தைவிட வெளிறி இருந்தால் போடலாம். குழந்தையைத் தூக்கிப் போகும் தாய்மார்கள் நர்ஸம்மாவிடம் காட்டச் சொல்லிப் பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் குளிரில் உறைந்து கெட்டதை அந்த வட்டம் காட்டாது. மஞ்சள் காமாலை பி, பென்டாவேலன்ட் ஊசிகள் உறைந்தால் பயனில்லை. முன்பெல்லாம் நாளுக்கு இரண்டு வேளை தெர்மாமீட்டர் பார்த்து நோட்டில் எழுதுவார்கள். நடுராத்திரி 2 மணிக்குப் பெட்டிக்குள் என்ன நடந்தது என்று யார் பார்த்தார்கள்? 2015-ல் நம் நாட்டில் தொடங்கிய 'ஈவின்' ஏற்பாட்டில், பெட்டிக்குள் இருக்கும் கருவி இரவும் பகலும் வெப்பநிலையைக் கவனித்து, அளவு தவறினால் பொறுப்பாளரின் செல்போனுக்குச் செய்தி அனுப்பிவிடுகிறது. கருவிக்குத் தூக்கம் வராது, சலிப்பும் வராது.

அப்படியானால் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. ஜன்னலிலிருந்து உங்கள் வாய் வரைக்குமான கடைசி நாலடி இன்னும் மனிதர் கையில்தான் இருக்கிறது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டு வாசலுக்கே மாத்திரை வந்தாலும், டப்பாவில் போட்டு வைப்பதும் எடுத்துக் கொடுப்பதும் வீட்டில் உள்ளவர்கள்தானே? 'மெட்ஃபார்மின்' சர்க்கரைக்கு, 'மெட்ரோனிடசோல்' கிருமித் தொற்றுக்கு. அவசரத்தில் பாதிப் பெயரைப் படித்தால் போச்சு!

"ஏனுங்க, போன மாசம் வெள்ளையா குடுத்தீங்க, இப்ப ரோஸா இருக்குதுங்களே?" என்று கேட்கும் பெரியவர்கள் நிஜமாகவே கெட்டிக்காரர்கள். தயாரிக்கும் கம்பெனி மாறினால் நிறம் மாறலாம், மருந்து அதேதான். கேட்கக் கூச்சப்படுபவர்கள்தான் ஆபத்தில் மாட்டுகிறார்கள். புதுசு வேறு மருந்து என்று நினைத்துப் பழையதையும் சேர்த்து விழுங்குவார்கள், அல்லது பயந்து இரண்டையும் நிறுத்திவிடுவார்கள்.

ஆகவே காலி அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த தடவை எடுத்துப் போய், அதில் அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயரையும் மில்லிகிராமையும் புதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் விழுங்கும் முன் அங்கேயே கேளுங்கள். மாத்திரையைப் பிய்க்கும்போது, காலாவதி தேதி இல்லாத பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். கடையில் அட்டையை வெட்டிக் கொடுத்தால், தேதியும் பேட்ச் எண்ணும் உள்ள துண்டைக் காட்டச் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்குவோருக்கு இன்னொரு வசதியும் வந்திருக்கிறது. 2023 ஆகஸ்ட் முதல் அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளில் க்யூ.ஆர். கோடு கட்டாயம். செல்போனில் காட்டினால் மருந்துப் பெயர், கம்பெனி, பேட்ச் எண், காலாவதி தேதி எல்லாம் தெரியும். வீட்டில் பத்தாவது படிக்கும் பேரனோ பேத்தியோ இருந்தால், இந்த வேலையை அவர்களிடம் விட்டுவிடுங்கள். நம்மைவிட வேகமாகச் செய்வார்கள்!