பெரியபுராணத்தில் நம்பிக்கையின் இருநிலைகள்: ஏயர்கோன் கலிக்காமர் புராணத்தை முன்வைத்து

முன்னுரை

சமய நம்பிக்கை என்னும் தொடர் இன்றைய வழக்கில் இருவேறு பொருள்களைத் தருகிறது. இறைவன் உளன் என்னும் கருத்தை ஏற்பது ஒன்று; அவன் கைவிடான் என அவனைச் சார்ந்து நிற்பது மற்றொன்று. முன்னதைக் கருத்துவழி நம்பிக்கை எனவும் பின்னதை உறவுவழி நம்பிக்கை எனவும் இக்கட்டுரை கொள்கிறது. தொல்காப்பிய உரியியல் 'நம்பு' என்னும் உரிச்சொல்லுக்கு நசை, அதாவது விருப்பம், எனப் பொருள் உரைக்கிறது. இதனை நோக்க, உறவுவழிப் பொருளே இச்சொல்லின் பழைய பொருளுக்கு அணுக்கமானது எனலாம். இவ்விரு நிலைகளும் எதிரெதிர் நிற்கும் களமாக, 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தின் ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணம் அமைகிறது.

கலிக்காமர்: கருத்தின் உறுதி

பரவையாரின் ஊடலைத் தணிக்கச் சுந்தரர் இறைவனைத் தூது அனுப்பினார் எனக் கேட்ட கலிக்காமர் சினம் கொள்கிறார். ஆண்டவனை அடியான் ஏவுதல் அவருக்குப் பொறுக்கலாகாப் பிழை. இறைவன் அவருக்குச் சூலைநோய் தந்து, அது சுந்தரராலன்றித் தீராது என உணர்த்துகிறான். அவரால் தீர்வதினும் இறத்தலே நன்று எனக் கலிக்காமர் தம் வயிற்றைக் கிழித்துக்கொள்கிறார். அவரது பத்தியில் ஐயத்திற்குச் சிறிதும் இடமில்லை. எனினும், இறைவன் இத்தகையவன் எனத் தாம் கொண்ட கருத்தின்மீதான பற்று, இறைவனே காட்டிய வழியை மறுக்கச் செய்கிறது.

சுந்தரர்: உறவின் பிணைப்பு

தம்பிரான் தோழர் எனப்படும் சுந்தரரின் நம்பிக்கை உரிமை மட்டுமே உடையதன்று, கடப்பாடும் உடையது. திருவொற்றியூரில் மகிழின்கீழ், சங்கிலியாரைப் பிரியேன் எனச் சூளுரைத்தவர், திருவாரூர் நினைவால் அச்சூளை மீறியபோது கண்ணொளி இழக்கிறார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோலும், காஞ்சியில் இடக்கண்ணும், திருவாரூரில் வலக்கண்ணும் பெறுகிறார். இவ்வழி நெடுகிலும் அவர் முறையிடுகிறார். இறைவனின் இருப்பை ஐயுறவில்லை. ஆகவே, முறையீடு நம்பிக்கையின் குறைவன்று. உறவு முறியவில்லை என்பதன் சான்று.

நிகழ்ச்சி வரிசையும் இங்குக் கருதத்தக்கது. சங்கிலியாரை மணந்ததே பரவையாரின் ஊடலுக்குக் காரணம். சூள் பிழைத்தமைக்காகத் தண்டித்த இறைவனே, பின்னர் அவ்வூடலைத் தணிக்க ஒரே இரவில் இருமுறை தூது நடக்கிறான். தண்டித்தலும் துணைநிற்றலும் ஒரே தோழமையின் இரு செயல்களாகின்றன.

முடிவுரை

இறந்த கலிக்காமரைக் கண்ட சுந்தரர் தாமும் உயிர்விடத் துணிகிறார். திருவருளால் உயிர்த்தெழுந்த கலிக்காமர் அவரது கையிலுள்ள வாளைப் பற்றித் தடுக்கிறார். கலிக்காமரின் உள்ளத்தை மாற்றியது வாதம் அன்று. தமக்காக ஒருவர் உயிர்விட முனைந்த செயலே. சுந்தரரும் திருத்தொண்டத்தொகையில் தம்மைக் கலிக்காமரின் அடியார்க்கும் அடியவராக வைத்துப் பாடியுள்ளார். கருத்து ஒருவர் உள்ளத்தில் தனித்து நிற்கவல்லது. நம்பிக்கைக்கோ இருவர் வேண்டும். நம்புகிறவன் தானும் நம்பத்தக்கவனாதல் வேண்டும் என்பதே இப்புராணம் உணர்த்தும் மெய்ம்மையாகும்.